பழைய வண்டியில் புதுத் தகடு

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அம்பாசடர் காரில் ஒரு முறையேனும் ஏறாத குடும்பம் இராது. பெண் பார்க்கச் சென்றதும், பிரசவத்திற்கு விரைந்ததும், ஆவூர்த் திருவிழாவிற்குப் பத்துப் பேர் ஒருவர் மடியில் ஒருவராக அமர்ந்து போய்வந்ததும் அதிலேதான். 1957ஆம் ஆண்டில் தொடங்கிய அதன் உற்பத்தி, மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றது. அதற்குப் பின்னும் ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பக்கங்களில் வீட்டுக் கொட்டகைகளில் சில வண்டிகள் உயிரோடு இருக்கின்றன. அவற்றை வைத்திருப்போரை வருத்துவது எஞ்சின் அன்று. எஞ்சினுக்கு ஏதேனும் ஒரு வழி பிறந்துவிடும். வேறு எஞ்சினைப் பொருத்தி ஓட்டுவோரும் உண்டு. தகடுதான் தலைவலி. மட்கார்டு, பானெட், கதவு, டிக்கி மூடி ஆகியவை நசுங்கினாலோ துருவேறினாலோ அவற்றுக்கு ஈடாகக் கடையில் என்ன கிடைக்கிறது, கிடைப்பது வண்டியோடு பொருந்துகிறதா என்பதைப் பற்றி எம் வீட்டு அனுபவத்தை வைத்துச் சில சொல்ல விரும்புகிறோம். வண்டி வைத்திராத அன்பர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

எம் வீட்டு வண்டி 1971ஆம் ஆண்டில் வெளிவந்த மார்க் 2. எம் தந்தையார் அதனை 1979இல் பழைய வண்டியாகவே வாங்கினார். பலாப்பழமும் பூவும் ஏற்றிச் சந்தைக்குப் போகும். ஞாயிறன்று கழுவித் துடைத்துக் கோவிலுக்குப் போகும். இவ்வாறு 39 ஆண்டுகள் உழைத்த வண்டியின் மேல், 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் எம் கொல்லைப் பலா மரத்தைச் சாய்த்தது. கொட்டகையின் ஓடுகளும் கைமரமும் தாங்கியது போக எஞ்சிய பாரம் வண்டியின் இடப்பக்க முன்பகுதியில் இறங்கியது. இடது மட்கார்டு நசுங்கிச் சக்கரத்தைக் கவ்விக்கொண்டது. பானெட் நடுவில் மடிந்தது. முன்கதவின் மேல்விளிம்பு வளைந்தது. கூரையில் ஓர் அண்டா கவிழ்த்தாற்போன்ற பள்ளம்.

அந்தப் புயல் நம் மாவட்டத்துத் தென்னைக்கும் பலாவுக்கும் என்ன செய்தது என்பதை இங்கு மீண்டும் எழுத வேண்டியதில்லை. பலன் தரும் மரமாக ஒரு பலாக் கன்று வளர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை நம் வாசகர்கள் நன்கறிவர். அத்தகைய வேளையில் பழைய காரைச் சீர்ப்படுத்துவது தகுமா என்ற கேள்வி வீட்டில் எழுந்தது. "கன்று வைக்கக் காசில்லை, காருக்கு மட்கார்டு கேட்கிறதா?" என்றார் எம் தாயார். சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன், பழைய இரும்புக் கடைக்காரரை அழைத்து எடை விலையும் பேசிவிட்டார். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விழுந்து கிடந்த பலா மரத்தை அறுக்க ஆள் விட்டார். பலா மரப் பலகைக்கு எப்போதும் மதிப்பு உண்டு. ஆனால் ஊரெல்லாம் மரம் விழுந்து கிடந்த அந்த மாதத்தில் விலை படுத்துக் கிடந்தது. கிடைத்த தொகையை ஓர் உறையில் இட்டுத் தாயாரிடம் கொடுத்து, "வண்டியை இடித்த மரமே வண்டிக்குச் செலவு செய்யட்டும், இதற்கு மேல் ஒரு காசு வேண்டாம்" என்றார். அந்த உறைக்குள் அடங்க வேண்டும் என்பதே பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் வரம்பாயிற்று.

புதுக்கோட்டையில் டிங்கர் வேலை செய்யும் பாய் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சேர்த்தோம். வயது எழுபதைத் தாண்டியவர். அவர் வண்டியைப் பார்த்தவுடன் சுத்தியலை எடுக்கவில்லை. ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றி, கதவுக்குக் கீழும் சக்கர வளைவைச் சுற்றியும் நகர்த்திக்கொண்டே வந்தார். இரும்பு இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டியது. பட்டி பூசிய இடத்தில் நழுவி விழுந்தது. இடப்பக்கக் கதவுகளின் அடியில் ஒரு முழ நீளத்திற்கு அது ஒட்டவேயில்லை. அங்கே சுரண்டியபோது, விரற்கடைப் பருமனுக்குப் பட்டியும், அதன் கீழ் ஆணியடித்தாற்போல் ஒட்டவைத்த எண்ணெய் டின் தகரமும், அதற்கும் கீழே கையோடு உதிரும் துருவும் வந்தன. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் "அடிப்பகுதி முழுவதும் புதிது" என்று சொல்லிப் பணம் வாங்கிச் செய்த வேலை அது. "பெரியய்யா, மரம் விழுந்தது உங்கள் நல்ல காலம். இல்லாவிட்டால் இதை யார் திறந்து பார்த்திருப்பார்கள்?" என்றார் பாய்.

இதன் கடுமை எல்லார்க்கும் விளங்குமாறு சற்றே விரித்துச் சொல்ல வேண்டும். லாரிக்குச் சட்டம் தனி, மேற்கட்டு தனி. அம்பாசடருக்கு அப்படியில்லை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றிய அந்த வண்டியில் உடலே சட்டம். தரைத் தகடும், கதவுகளின் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியும், கூரைத் தூண்களும் ஒன்றுசேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. மட்கார்டு நசுங்கினால் அழகு கெடும். அடிப்பெட்டி அரித்தால் வண்டியே நடுவில் தொய்யும். கதவைத் தூக்கிச் சாத்த வேண்டியிருந்தால், கீல் தேய்ந்தது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. வண்டியின் முதுகெலும்பு தளர்ந்திருக்கவும் கூடும். எம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அந்தப் பட்டியையும் டின் தகரத்தையும் நம்பித் திருச்சி நெடுஞ்சாலையில் போய்வந்தார்கள் என்று நினைத்தபோது உடல் நடுங்கிற்று.

இதற்கிடையே அண்ணன் தொலைபேசியில் பேசி ஒரு பெரிய நகரத்துக் கடையிலிருந்து இடது மட்கார்டு ஒன்றை வரவழைத்தார். கறுப்பு வண்ணம் பளபளக்க, "ஒரிஜினல்" என்ற சீட்டும் ஒட்டியிருந்தது. பாய் அதனைக் கட்டை விரலால் அழுத்தினார். பப்படம் போல் உள்ளே போய் 'டொக்' என்று திரும்பி வந்தது. நசுங்கிய பழைய மட்கார்டின் ஓரத்தை அளந்து பார்த்ததில் 20 கேஜ், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. புதியது 22 கேஜ், முக்கால் மில்லிமீட்டரைக்கூட எட்டவில்லை. அளவு வேற்றுமை அற்பமாகத் தோன்றலாம். விறைப்பில் அது அற்பமன்று. பருமன் சிறிது குறைந்தாலும் தகட்டின் விறைப்பு அதைவிடப் பல பங்கு குறைந்துவிடும். ஓட்டும்போது நடுங்கும், பற்றவைக்கும்போது நெளியும்.

பருமனைக்கூடப் பொறுக்கலாம். வடிவம் அதைவிட மோசம். பழைய மட்கார்டைத் தரையில் கிடத்தி, அதன் அருகே புதியதை வைத்தார். முன்விளக்குக்கான துளை வட்டமாக இல்லை. முட்டை வடிவில் இருந்தது. திருகாணித் துளைகளில் முதல் இரண்டு நேராக வந்தன. பின்னுள்ளவை அரை அங்குலம் விலகி நின்றன. கதவை நோக்கிய பின்விளிம்பு உள்ளே மடிக்கப்படாமல் வெட்டிய வெட்டாகவே இருந்தது. பானெட்டை ஒட்டிய மேல்வரம்பு முன்னே அகன்றும் பின்னே இறுகியும் போயிற்று. உட்புறத்தைச் சுரண்டினால், கறுப்பு வண்ணத்திற்கு அடியில் செம்மண் நிறத்தில் துரு அப்போதே குடியேறியிருந்தது. துருவைக் கழுவாமல் அதன் மேல் வண்ணம் அடித்திருக்கிறார்கள்!

"துளையை நீளமாக்கி, இழுத்துப் பூட்டி, மிச்சத்தைப் பட்டியில் நிரப்பினால் பார்வைக்குப் பொருந்தும், பூட்டிக் கொடுக்கட்டுமா?" என்று பாய் கேட்டார். கேட்ட விதத்திலேயே விடையும் இருந்தது. பட்டியை நாம் பழிக்கவில்லை. தாள் கனத்திற்குப் பூசித் தேய்த்துச் சமமாக்குவதற்கு அது வேண்டியதே. விரற்கடைக் கனத்தில் பூசினால், வண்டி குலுங்கக் குலுங்க வெடித்து, வெடிப்பின் வழி நீர் இறங்கி, உள்ளேயிருந்து துருவைத் தொடங்கிவைக்கும். பழைய ஆடையில் புதுத் துணியை ஒட்டுப்போடுவது பற்றி நற்செய்தியில் கேட்டிருக்கிறோம் அல்லவா? தகட்டிலும் அதுவே நடக்கிறது. அரித்த பழந்தகட்டோடு புதுத் தகட்டைப் பற்றவைத்தால், ஒட்டு பிடிக்கும். ஒட்டுக்கு அடுத்த பழந்தகடு கிழியும். நல்ல இரும்பு தோன்றும் வரை வெட்டியெடுத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். அவரை இங்குப் பெயர் சொல்லித் தூற்றுவதால் யாருக்கும் பயனில்லை. ஏன் இப்படி ஆகிறது என்று அறிவதே பயன்.

மட்கார்டு போன்ற வளைந்த தகட்டைப் பெரிய தொழிற்சாலையில் இரும்பு அச்சுகளுக்கிடையே வைத்துப் பேரழுத்தத்தில் ஒரே மூச்சாக வார்ப்பு போல் அழுத்தியெடுப்பார்கள். அழுத்தம் நீங்கியதும் தகடு சற்றே பழைய நிலைக்கு விரியப் பார்க்கும். அந்த விரிவையும் கணக்கிட்டே அச்சைக் கடைந்திருப்பார்கள். ஆயிரமாயிரம் தகடுகள் அழுத்தியபின் அச்சின் கூர்மூலைகள் மழுங்கும். ஆகவே தொழிற்சாலைத் தகட்டிலும் முதலாண்டுத் தகடும் பிற்காலத் தகடும் முழுதும் ஒன்றாயிரா. அதற்கும் மேலே, மாதிரிகளும் மாறின: 1975இல் மார்க் 3, 1979இல் மார்க் 4 என்று வந்தபோது முன்கிராதியும் விளக்குகளின் அமைப்பும் வேறாயின. "எல்லா அம்பாசடரும் ஒன்றுதானே" என்று கடையில் சொல்வதை அப்படியே நம்புவதற்கில்லை. சிறு பட்டறைகளிலோ அச்சு வாங்க முதல் இல்லை. ஏதேனும் ஒரு பழைய மட்கார்டை மாதிரியாக வைத்து, துண்டு துண்டாக வளைத்து ஒட்டி உருவாக்குகிறார்கள். அந்த மாதிரியே ஒருமுறை மோதி நிமிர்த்தியதாக இருந்தால், அதன் கோணல் அத்தனை பிள்ளைகளுக்கும் இறங்கிவிடும்.

மற்றொன்றும் பாய் சொல்லக் கேட்டோம். அது எமக்குப் புதிதாக இருந்தது. கம்பெனித் தகடே ஆனாலும் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பூட்டியதும் சரியாக உட்கார்ந்துவிடாதாம். அக்காலத்தில் தொழிற்சாலையிலும் கதவையும் மட்கார்டையும் மாட்டியபின், மரக்கட்டையும் சுத்தியலும் அரமும் கொண்டு ஆட்கள் தட்டிச் சரிசெய்தே அனுப்பினார்கள். ஒவ்வொரு வண்டியும் தன் தகடுகளோடு கூடி வாழப் பழக்கப்பட்டது என்று சொல்லலாம். அதனால், நல்ல தகடு என்பது தட்டவே வேண்டாத தகடு அன்று. தட்டினால் சொன்னபடி கேட்கும் தகடு.

வெளிநாடுகளில் இதற்கு வேறு ஏற்பாடு கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1975இல் தோன்றிய பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்னும் நிறுவனம், உற்பத்தி நின்றுபோன எம்.ஜி.பி. காரின் பழைய அச்சுகளைத் தேடியெடுத்து, 1988இல் அக்காரின் முழு உடலையே மீண்டும் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. துருப்பிடித்த காரின் எஞ்சினையும் சக்கரங்களையும் கழற்றிப் புது உடலில் பூட்டிக்கொள்ளலாம். நம் அம்பாசடருக்கோ 2017இல் அதன் பெயர் மட்டும் பிரெஞ்சு நாட்டுப் பியூஜோ குழுமத்திற்கு 80 கோடி ரூபாய்க்குக் கைமாறியது. பெயருக்கு அத்தனை விலை! மட்கார்டு தேடி அலையும் குடும்பத்திற்கு அதனால் ஒரு திருகாணியும் கிடைத்தபாடில்லை.

சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியையும் மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பர். அக்காலத்தில் அம்பாசடர், பியட், ஹெரால்டு என மூன்றே கார்கள்தாம். தகட்டு விஷயத்தில் ஹெரால்டு ஒரு தனிப்பிறவி. இங்கிலாந்தில் அதனை வடிவமைத்தபோது, உடல் செய்து தரும் ஆலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்ய வழியின்றி, தனிச் சட்டத்தின் மேல் துண்டு துண்டாகத் திருகாணியால் பூட்டும் உடலை அமைத்தனர். முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னோக்கிக் கவிழும். ஒரு துண்டு கெட்டால் அதைக் கழற்றி மாற்றுவது எளிது. ஆயின் இணைப்பு மிகுந்ததால் இடைவெளியும் மிகுந்தது. மழைநீர் உள்ளே வந்தது. கடகட ஓசையும் உடன்வந்தது. எளிதாகக் கழற்றுவதற்குக் கொடுக்கும் விலை அது போலும். எமக்கென்னவோ ஹெரால்டின் மேல் சிறு பொறாமை அப்போது உண்டாயிற்று.

எம் வண்டிக்குத் திரும்புவோம். பாய் முதலில் அடிப்பெட்டியை எடுத்துக்கொண்டார். வண்டியைத் தூக்கி, நான்கு புறமும் மரக்கட்டை கொடுத்து, நீர்மட்டம் பார்த்து நிறுத்தினார். கதவுகளைக் கழற்றாமல் மாட்டிய நிலையிலேயே வைத்துக்கொண்டு, அரித்த பகுதியைச் சிறிது சிறிதாக வெட்டி, 18 கேஜ் தகட்டில் தாமே வளைத்த பெட்டியைப் பொருத்தினார். கதவை ஏன் கழற்றவில்லை என்று வினவினோம். கதவைச் சுற்றியுள்ள இடைவெளிதான் அவருக்கு அளவுகோல். உடல் மயிரிழை தொய்ந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும் என்றார். ஒரேயடியாகப் பற்றவைக்கவில்லை. இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டு என்று வைத்து, ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் ஒற்றிக் குளிர்வித்த பிறகே அடுத்ததற்குப் போனார். கூரையின் பள்ளத்தையும் அவ்வாறே, உள்ளே இரும்புக் கட்டையை ஏந்தி வெளியே தட்டி, நீண்டுபோன இடத்தைச் சூடேற்றி ஈரத்துணியால் சுருங்கவைத்து, பத்து நாளில் மேடாக்கினார்.

மட்கார்டும் பானெட்டும் ஏலத்தில் போன ஒரு பழைய வண்டியிலிருந்து கிடைத்தன. பழையதுதான், வண்ணம் உரிந்தும் இருந்தது. ஆனால் காந்தம் எங்கும் ஒட்டியது. விலை புதியதைவிடச் சற்றுக் கூடுதல் என்பதைக் கேட்டு அண்ணன் வியந்தார். பழைய மட்கார்டைச் சாக்கில் கட்டி உடன் எடுத்துச் சென்று, இரண்டையும் அருகருகே கிடத்திப் பார்த்த பிறகே பணம் கொடுத்தோம். இவ்வாறு செய்ய நினைப்போர் நசுங்கிய தகட்டை இரும்புக் கடைக்குப் போட்டுவிடாமல் வைத்திருப்பது நலம். எவ்வளவு நசுங்கினாலும் துளைகளின் தூரம் அதில்தான் இருக்கிறது.

பூட்டும் வரிசையும் கவனிக்கத்தக்கது. முன்னிருந்து தொடங்கினால் முடிவில் கதவு சாத்தாது. பின்கதவை முதலில் உடலோடு பொருத்தினார். பின்கதவுக்கு ஏற்ப முன்கதவு, முன்கதவுக்கு ஏற்ப மட்கார்டு, இரண்டு மட்கார்டுகளுக்கும் நடுவே கடைசியாகப் பானெட். மூங்கில் சீவல் ஒன்றை இடைவெளியின் அளவுக்குச் செதுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சந்திலும் மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தார். சிக்கும் இடத்தில் தட்டினார். ஆடும் இடத்தில் திருகாணிக்கு அடியில் வட்டை சேர்த்தார். எல்லாம் கூடி வந்த பிறகு மீண்டும் அனைத்தையும் கழற்றி, உட்புறம் துருத்தடுப்பு வண்ணம் பூசி, பிறகுதான் மேல்வண்ணத்திற்கு விட்டார். மாட்டிப் பார்க்காமல் வண்ணம் அடிக்க ஒப்புக்கொள்ளும் பட்டறையை நாடாதிருப்பது நல்லது என்பது எம் கருத்து. வண்ணம் அடித்த தகட்டைத் தட்ட எவருக்கும் மனம் வராது. தட்டாமல் இழுத்துப் பூட்டுவார்கள்.

ஓராண்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை, 2020ஆம் ஆண்டு ஊரடங்கால் பட்டறை மூடிக் கிடந்து, 2021இல்தான் நிறைவெய்தியது. அவ்வாண்டு வண்டிக்கு ஐம்பது வயது. அதே ஆண்டு சூலைத் திங்களில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதற்பதிவு முடிந்து ஐம்பது ஆண்டுகள் கடந்த வண்டியை 'வி.ஏ.' என்னும் எழுத்துகளோடு தனி வரிசையில் பதியலாம். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவிலேயே பேணியிருக்க வேண்டும். அன்றாடப் போக்குவரத்திற்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது. கண்டபடி வெட்டி ஒட்டும் வேலைக்கு இனி இந்தத் தடையும் உண்டு என்பதை அத்தகைய வண்டி வைத்திருப்போர் எண்ணிப் பார்க்க வேண்டும். எம் தந்தையார் அப்பதிவை விரும்பவில்லை. "கண்காட்சிக்கா வாங்கினேன்? பூக்கூடை ஏற்ற வாங்கினேன்" என்றார். ஆதலால் வழக்கமான முறையிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டோம்.

இடப்பக்கம் பானெட்டின் பின்மூலையில் மூங்கில் சீவல் இன்றும் சற்றே ஆடுகிறது. பாயிடம் சொன்னபோது, வலப்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். 1971இலிருந்து கை படாத அந்த மூலையிலும் அதே அளவு ஆடியது. உறையில் இருந்த பணத்தில் மிஞ்சியது நானூற்றுச் சொச்சம். அதற்குத் தாயார் பலாக் கன்றுகள் வாங்கி நட்டார்.

கடையிலிருந்து வந்த அந்தக் கறுப்பு மட்கார்டு பட்டறையிலேயே தங்கிவிட்டது. வேலை பழகும் சிறுவர்கள் அதன் மேல் தட்டிப் பழகுகிறார்கள். சென்ற முறை போயிருந்தபோது முன்விளக்குத் துளையை ஒருவன் ஏறக்குறைய வட்டமாக்கியிருந்தான்.